முருகையன்மீது நான் கொடுத்த புகார்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு புகார்ப் பெட்டிக்குள் பிறந்தது. பூட்டுப் போட்ட மரப்பெட்டி என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்திருக்கும் நிறுவனம் கைபேசியில் ஒரு செயலி வைத்திருக்கிறது. அதில் 'உங்கள் குறையை இங்கே எழுதவும்' என்று ஒரு சின்ன இடம். இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காது. முப்பது வருடமாக எழுதுகிறவன் நான். என் ஆத்திரத்தை இருநூறு எழுத்துக்குள் சுருக்கிக்கொள் என்று சொல்ல இவர்கள் யார்? மிச்சத்தை வேறு இடத்தில் எழுதினேன். அதுதான் இவ்வளவு தூரத்துக்குக் கொண்டுவந்து விட்டது.

முருகையன் என்று ஒருவர். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவையும் அக்கம்பக்கத்துத் தெருக்களையும் பார்த்துக்கொள்ளும் லைன்மேன். ஒப்பந்த வேலை. என் புகாரால் அவரை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்திருக்கிறார்கள். திரும்ப எடுத்துக்கொள்வார்களா, மாட்டார்களா? இந்தக் கதையில் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் என் புலம்பல். அவசரமாக இருப்பவர்கள் புலம்பலைத் தாண்டிப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

[கோபித்துக்கொள்வேன்.]

2

இந்தக் கதைக்கு மூன்று தொடக்கம் எழுதினேன்.

முதலாவது: "காலை ஒன்பதே கால் மணிக்கு மோடத்தின் பச்சை விளக்கு கண் மூடியது. சிவப்பு விளக்கு மெல்ல விழித்து, ஏளனமாக..." வேண்டாம். விளக்குக்கு ஏளனம் எங்கிருந்து வந்தது? ஏளனம் செய்தது நிறுவனம்.

இரண்டாவது: "கடலும் மஞ்சள் சுவர்களும் காகிதப்பூக் கொடிகளும் நிறைந்த புதுச்சேரியில்..." இதுவும் வேண்டாம். அதெல்லாம் கடற்கரைப் பக்கம், படம் பிடிக்க வருகிறவர்களுக்காக. எங்கள் பக்கம் விழுப்புரம் சாலையின் தூசியும், தலைக்குமேல் யார் எப்போது கட்டினார்கள் என்றே தெரியாத ஒயர்க் கூட்டமும்தான்.

மூன்றாவதில் அலங்காரம் கிடையாது. என் பெயர் அருளானந்தம். பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில், கதை எழுதுவது என் வியாதி. பிறப்பு, திருமணம், சொத்து என்று எந்தக் காகிதமானாலும் எனக்கு இணையம் வழியாகத்தான் வரும். நானும் அப்படித்தான் திருப்பி அனுப்ப வேண்டும். ஜனவரி மாதத்திலிருந்து தினமும் காலை ஒன்பது, ஒன்பதரைக்கு இணைப்பு போய்விடும். மதியம் இரண்டு மணிவாக்கில் தானாக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சில சமயம் போகும், சில சமயம் போகாது. ஆபீஸ் நேரம் பார்த்து லீவு போடும் இணைப்பை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அதற்கும் சேர்த்துச் சந்தா வாங்கினார்கள்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். அழகாக இல்லை, ஆனால் பொய் இல்லை.

3

"வணக்கம் சார், நான் சங்கவி பேசுறேன். மோடத்துல சிவப்பு லைட் எரியுதா சார்?"

"எரியுதும்மா. என் வயிறும் எரியுது."

"சரிங்க சார். மோடத்த ஆஃப் பண்ணி, முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க சார்."

சங்கவி நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசும் பெண். நல்ல குரல். என்ன சொன்னாலும் முப்பது வினாடி என்பாள். முதல் புகார் கொடுத்ததிலிருந்து பதினேழு நாளில் நான் அந்த மோடத்தை எத்தனை தடவை அணைத்து ஏற்றியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒயரை மாற்றினேன். கடவுச்சொல்லை மாற்றினேன். அடுத்த வீட்டுக்காரர்கள் திருடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, இரண்டு நாள் அவர்களோடு பேசாமல்கூட இருந்தேன். கடைசியில் மோடத்தைத் தூக்கிக் கூடத்தில் இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே வைத்தேன். என் மனைவி லூர்துசெல்வி பார்த்துவிட்டு, "அவரு எல்லாத்தையும் பாத்துப்பாரு, ஒயர மட்டும் நம்மதான் பாக்கணும்" என்றாள்.

முருகையன் வந்தது மொத்தம் மூன்று தடவை. மூன்று தடவையும் மதியம் மூன்று மணிக்குமேல். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்! கருவியை வைத்துப் பார்ப்பார். "லைன் நல்லா கீது சார்" என்பார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்த நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லிடுறீங்களா?" என்பார்.*

*அந்த நம்பர் என்ன என்று தெரியாதவர்களுக்கு: புகாரை முடித்துவைக்க வேண்டுமென்றால் என் கைபேசிக்கு நிறுவனம் ஒரு ரகசிய எண் அனுப்பும். அதை நான் லைன்மேனிடம் சொன்னால்தான் அவர் தன் கைபேசியில் போட்டு 'முடிந்தது' என்று அனுப்ப முடியும். ஆறு மணி நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் அவர் பெயரில் ஒரு கரும்புள்ளி. வேலை முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை, எண் வந்ததா என்றுதான் கேட்பார்கள். இப்படி ஒரு முறையைக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கண்டுபிடித்த ஆள் யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அவன் வீட்டு மோடத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

முதல் தடவை கேட்டதும் எண்ணைச் சொன்னேன். மறுநாள் காலை ஒன்பதுக்கு இணைப்பு போயிற்று. இரண்டாம் தடவை அவர் மாடிக்கெல்லாம் ஏறிப் பார்த்தார். இறங்கி வந்து ஏதோ சொன்னார். எண்ணைக் கேட்டார், அப்போதும் சொன்னேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடி சிவப்பு.

4

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் முதல் படியில் முருகையனுக்கு நான் கொடுத்த உருவம் இது: "கலைந்த தலை. வாயில் எப்போதும் பாக்கு. பேசும்போது கண்ணைப் பார்க்காத கள்ளத்தனம்."

அவர் பாக்கே போடமாட்டார். தலை படிய வாரியிருக்கும். கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார், பார்க்காதவன் நான். ஆனால் வில்லன் என்று முடிவு கட்டிவிட்ட பிறகு அவனுக்கு ஒரு பாக்கைக் கொடுக்கத் தோன்றுகிறது. எழுதுகிறவர்களின் கையில் இருக்கும் மட்டமான பழக்கங்களில் இது ஒன்று. வாசகர்களும் பாக்கைக் கண்டதும் நம்பிவிடுகிறீர்கள். உங்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன்.

மூன்றாம் தடவை அவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. அன்று காலை ஒருவர் தன் அப்பாவின் திருமணப் பத்திரத்துக்காகக் காத்திருந்து, நான் அனுப்பாததால் வேறு ஆளிடம் போய்விட்டார். நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

"சார், அந்த மாடி ஒயரு..." என்று ஆரம்பித்தார்.

"மாடியாவது மண்ணாவது! மூணாவது தடவையா வரய்யா நீ. இன்னைக்கும் நம்பர் கேப்ப, நானும் குடுப்பேன், நாளைக்கு மறுபடி போயிடும். என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"இல்ல சார், ஒரு நிமிசம் நான் சொல்றத..."

"நம்பர் தர முடியாது. உன் பேரு என்ன? அட்டையக் காட்டு."

கழுத்தில் தொங்கிய அட்டையைத் தூக்கிக் காட்டினார். நான் படம் எடுத்தேன். அவர் அதைத் தடுக்கவில்லை. படம் எடுப்பதும் புகாரில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

அன்று மாலை அந்தப் படத்தோடு முகநூலில் எழுதினேன். செய்யாத வேலைக்கு முடிந்ததாக முத்திரை குத்தும் கூட்டம், அவர்களின் முகம் இதுதான், என்று போகும் அந்தப் பதிவு. நன்றாக எழுதியிருந்தேன். அதில்தான் எனக்கு இப்போது அவமானம். என் கதைகளுக்கு நாற்பது பேர் விருப்பக்குறி போட்டால் அதிகம். இதை நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். படத்தை மட்டும் வெட்டியெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். சேதராப்பட்டில் லூர்துசெல்வி வேலை செய்யும் தொழிற்சாலைக் குழுவுக்கே அது போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமை நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகாரின்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது, சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை. ஒரு எழுத்தாளன் எழுதி ஏதோ நடந்துவிட்டது என்று அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

5

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும் லூர்துசெல்வி போர்வைகளைத் துவைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

[ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். வாரநாட்களில் துணி துவைத்துக் காயப்போடுவது நான்தான். அவள் ஏழரைக்கே பேருந்து ஏறிவிடுவாள். நான் எட்டரைக்குத் துவைத்து, ஒன்பது மணிக்கு மாடியில் போட்டு, இரண்டு மணிக்கு எடுத்துவிடுவேன். துணி கதைக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன்.]

நான் கூடத்தில் உட்கார்ந்து என் பதிவுக்கு வந்த பாராட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாராட்டில் திரை நின்றுவிட்டது.

"போச்சு! மறுபடி போச்சு!" என்று கத்தினேன்.

"இன்னாங்க போச்சு?" மாடியிலிருந்து அவள் குரல்.

"நெட்டுதான்! ஞாயித்துக்கிழமைகூட நிம்மதி இல்ல!"

மேலே ஈரத்துணி இழுபடும் சத்தம். பிறகு, "இப்ப பாருங்க" என்றாள்.

பச்சை. "வந்துடுச்சு!"

"இப்ப?"

சிவப்பு. "போச்சு!"

"இப்ப?"

"வந்துடுச்சு. லூர்து, நீ மேல என்னதான் பண்ற?"

அவள் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது வருடமாக இருக்கிறாள். எதையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல் விடமாட்டாள். ஒரு துண்டு போட்டாள், பச்சை. ஒரு போர்வை போட்டாள், பச்சை. இரண்டாவது ஈரப் போர்வையைப் போட்டதும் சிவப்பு. எடுத்தாள், பச்சை. இறங்கி வந்து புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க துணி போடற அந்தக் கறுப்பு ஒயரு இன்னா ஒயருன்னு நெனச்சீங்க?"

"பழைய கேபிள் டிவி ஒயரு."

"யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லா மாடியிலும் துணிக்கொடி அதுதான். கேபிள் டிவிக்காரர்கள் போட்டுவிட்டுப் போன ஒயர்களை யாரும் எடுத்துப் போகவில்லை. அறுக்கவும் மனசு வராது. இறுக்கிக் கட்டினால் நைலான் கயிற்றைவிட நன்றாகத் தாங்கும். டிசம்பர் மழையில் எங்கள் கயிறு அறுந்துபோனது. மாடியில் குறுக்கே ஒரு கறுப்பு ஒயர் தொங்குவதைப் பார்த்தேன். இதுவும் செத்த ஒயர்தான் என்று நானாக முடிவு செய்து, என் உயரத்துக்கு இறக்கிக் கட்டிக்கொண்டேன். ஜனவரியில் சிவப்பு விளக்கு தொடங்கியது.

அந்த ஒயருக்குள் இருந்தது கண்ணாடி நூல். அதன் வழியாகத்தான் என் பத்திரங்களும் என் பாராட்டுகளும் வந்துகொண்டிருந்தன. ஈரத்துணியின் பாரத்தில் அது சுவர் விளிம்பில் மடங்கி, உள்ளே போகும் ஒளியைத் தடுத்தது. காய்ந்து எடுத்ததும் நிமிர்ந்தது. நான் இரண்டு மணிக்குத் துணியை எடுத்துவிடுவேன், முருகையன் மூன்று மணிக்கு வருவார்.

இந்தப் பகுதியை வேறு யார் தலையிலாவது கட்ட முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காற்று, காக்கை, மாடி வீட்டுக்காரர். எங்களுக்கு மாடி வீடே கிடையாது.

6

திங்கட்கிழமை முதல் வேலையாக முருகையனைக் கூப்பிட்டேன்.

"சார்" என்றார். அந்த ஒரு சொல்லில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். போர்வை, ஒயர், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியும் சார். ரெண்டாவது வாட்டி வந்தப்பவே பாத்தேன். ஒயருல துணி கிளிப்பு மாட்டிகிட்டு இருந்துச்சு. தூக்கி டேங்க் பைப்புல கட்டிட்டுத்தான் எறங்குனேன்."

இரண்டு நாள் நன்றாக இருந்ததே, அது அதனால்தான். கொடி எட்டாத உயரத்தில் இருந்ததால் அந்த இரண்டு நாளும் துணியைக் கைப்பிடிச் சுவரில் போட்டிருந்தேன். மூன்றாம் நாள், எந்த மடையன் இப்படிக் கட்டினான் என்று திட்டிக்கொண்டே நான் அதை அவிழ்த்து இறக்கியிருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல முருகையன்?"

"சொன்னேனே சார். 'இது நெட்டு ஒயரு, துணி போடாதீங்க, வேற கயிறு கட்டிக்கங்க'ன்னு சொன்னேன். நீங்ககூட தலையாட்டுனீங்க."

"நான் அப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

"போன்ல எழுதிக்கிட்டு இருந்தீங்க சார்."

இருநூறு எழுத்துக்குள் அவரைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாம் பகுதியில் 'இறங்கி வந்து ஏதோ சொன்னார்' என்று ஒரு வரி இருக்கிறது. இப்போது அங்கே அவர் சொன்னதைச் சேர்த்துவிடலாம்தான். சேர்க்கப் போவதில்லை. மனிதர்கள் பேசுவதைக் காதில் வாங்கி எழுதுகிறவன் என்று முப்பது வருடமாக மேடையில் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். எனக்குச் சொல்லப்பட்ட ஒரே ஒரு உபயோகமான வாக்கியம் என் காதில் விழவில்லை. அது அப்படியே இருக்கட்டும்.

"நான் நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும். கருவடிக்குப்பம்தானே வீடு? அட்டையில போட்டிருந்துச்சு. எந்தத் தெரு?"

"வேணாம் சார்." முதல் தடவையாக அவர் குரல் வேகமாக வந்தது. "வேலைய விட்டு நிறுத்துனது வீட்டுல யாருக்கும் இன்னும் தெரியாது. இன்னைக்கும் காலைல பையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துட்டேன். நீங்க வந்தா தெரிஞ்சுபோயிடும்."

அவரே, "வெச்சிடறேன் சார்" என்று வைத்தார்.

அடுத்து நிறுவனத்தின் வட்டார அலுவலர் பிரேம்குமார். தப்பு முழுக்க என்னுடையது, புகாரை வாபஸ் வாங்குகிறேன், எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"வாபஸ் பிரச்சனையே இல்ல சார். மெயில் போட்டுடுங்க. ஆனா ஆள உள்ள எடுக்கறது கஷ்டம்."

"ஏன்? அவரு மேல தப்பே இல்லைங்கிறேன்!"

"தப்பு இல்ல சார், சரி. போட்டோ இருக்கே. போன சனிக்கிழமை காலைல ஆர்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். கதவத் தொறந்த அம்மா, 'அந்த போட்டோல வந்த ஆளுதான இவன், உள்ள விடமாட்டேன், வேற ஆள அனுப்புங்க'ன்னு சொல்லிட்டாங்க. மாசக் கடைசில ஒப்பந்தம் புதுப்பிக்கணும். அதுக்குள்ள படம் சுத்துறது நின்னுச்சுன்னா நான் பேசிப் பாக்கறேன். நிக்கலன்னா என் கையில ஒண்ணும் இல்ல சார்."

அந்த எண் முறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டேன். ஆறு மணி நேரக் கெடுவும் கரும்புள்ளியும் இல்லாவிட்டால் முருகையன் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து, சிவப்பு விளக்கை நேரிலேயே பார்த்திருப்பாரே என்றேன். "அது ஹெட் ஆபீஸ் பாலிசி சார்" என்றார். என் துணியை நான் எடுத்துவிட்டேன். அவர்கள் போட்டிருக்கும் பாரத்தை யார் எடுப்பது? இந்தக் கோபம் மட்டும் எனக்குத் தீரவில்லை, நியாயமான கோபம் என்றும் நினைக்கிறேன். ஆனால் இதைச் சாக்காக வைத்து என் பங்கைக் குறைத்துக்கொண்டால், லூர்துசெல்வி இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

பழைய பதிவை அழித்தேன். மன்னிப்புப் பதிவு போட்டேன், போர்வை உட்பட எல்லாவற்றையும் எழுதி. முப்பத்தொரு விருப்பக்குறி. பகிர்ந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் லூர்துசெல்வி. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "ஐயாவை மிரட்டி எழுத வைத்திருக்கிறார்கள். உண்மை எங்களுக்குத் தெரியும். படத்தை இன்னும் நூறு பேருக்கு அனுப்புவோம்."

எனக்காக அவர் கொதிக்கிறார். அவருக்கு நான்தான் கொதிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

7

முடிவுகள்.

அ. நான் ஒரு கிலோ ஜாங்கிரியோடு கருவடிக்குப்பம் போகிறேன். முருகையன் "அதனால இன்னா சார்" என்று சிரிக்கிறார். அவர் வீட்டில் காப்பி குடிக்கும்போது என் கண் கலங்கு— இதை அடிக்க வேண்டியதுதான். அவர் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அழகான முடிவு வேண்டும் என்பதற்காக அந்தத் தெருவில் போய் நிற்க எனக்கு என்ன உரிமை?

ஆ. நிறுவனம் தன் தவறை உணர்ந்து, எண் முறையைக் கைவிட்டு, முருகையனுக்குச் சால்வை போர்த்து— எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது.

இ. மாதம் முடிகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. முருகையன் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல வெளியே— இதையும் எழுதமாட்டேன். எழுதினால் நன்றாக வந்துவிடும். வாசகர்கள் பெருமூச்சு விட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். அதுதான் பயம்.

லூர்துசெல்வி இதுவரை எழுதியதைப் படித்தாள்.

"இத எழுதி இன்னா ஆவப்போவுது?"

"தெரியல. படிக்கிறவங்க..."

"படிக்கிறவங்க இன்னா பண்ணணும்னு ஒரு வார்த்த எழுதலியே நீங்க. உங்களப் பத்தியே எழுதிட்டு இருக்கீங்க."

சரி, எழுதுகிறேன்.

முடிவு என்னிடம் இல்லை. அதை நாலாயிரம் பேர் கைக்கு நானே அனுப்பிவிட்டேன், திருப்பி வாங்க என்னால் முடியாது. இதை இங்கே நிறுத்திவிட்டு உங்கள் போனை எடுங்கள். குடும்பக் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர்கள் குழு, எல்லாவற்றிலும் மேலே தள்ளிக்கொண்டே போங்கள். நீலச் சட்டை போட்ட ஒரு மனிதர், தலை படிய வாரியிருப்பார், கழுத்து அட்டையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். கண் நேராக உங்களைப் பார்க்கும். அந்தப் படம் இருந்தால் அழியுங்கள். அனுப்பியவரைக் கூப்பிட்டு, அந்த ஆள் ஒரு தப்பும் செய்யவில்லை, எழுதினவன் செவிடன் என்று சொல்லுங்கள். அவருக்கு அனுப்பியவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.

இன்று தேதி இருபத்தொன்று. மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது.